கவிழ்த்து வைத்த சீட்டு

ஒரு சீட்டை மேசையில் கவிழ்த்து வைக்கிறோம். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் விளையாட்டுக்கு விதி எழுதுகிறவர்களைக் கேட்டால் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்வார்கள். கையில் இருக்கும் சீட்டு என் ரகசியம், அதை யாரும் கேட்க முடியாது. மேசையில் திறந்து கிடக்கும் சீட்டு எல்லாருக்கும் பொது. கவிழ்த்து வைத்தது இரண்டிலும் சேராது. அது ஆட்டத்துக்குள் வந்துவிட்டது, அதை வைத்து அடுத்தடுத்த நகர்வுகள் நடக்கின்றன, ஆனால் அது என்ன என்று வைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வைத்தது வைக்கக்கூடிய சீட்டுதானா? இல்லையென்றால் யார் கண்டுபிடிப்பது, எப்போது?

நம்முடைய பழைய ஆட்டங்களில் இந்தக் கேள்வியே எழாது. பல்லாங்குழியில் எந்தக் குழியில் எத்தனை முத்து என்று யாரும் எண்ணிக்கொள்ளலாம். ஆடுபுலி ஆட்டத்தில் புலி எங்கே நிற்கிறது என்று ஆட்டுக்காரனுக்குத் தெரியும். தாயக்கட்டை உருண்டு நின்றதும் எல்லார் கண்ணும் அதன் மேல்தான். சீட்டுக்கு மட்டும்தான் முதுகு இருக்கிறது. எல்லாச் சீட்டின் முதுகும் ஒன்றுபோலவே இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சிக்கலுக்கு இரண்டு இடங்களில் கிடைத்த விடையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஒன்று, 1993-இல் அமெரிக்காவில் பிறந்த ஒரு சேகரிப்புச் சீட்டாட்டம். இன்னொன்று, யாழ்ப்பாணத்துக்காரர்கள் கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த ஓர் ஆட்டம். இரண்டையும் நான் சிரம்பானில், எங்கள் லோபாக் பக்கத்திலேயே கற்றுக்கொண்டேன்.

*

என் வயதுப் பையன்களுக்குக் கவிழ்த்த சீட்டு முதலில் அறிமுகமானது யூ-கி-ஓ மூலம். தக்காஹாஷி கசுக்கி 1996-இல் வரையத் தொடங்கிய ஜப்பானிய மங்கா அது. 1999-இல் கொனாமி நிறுவனம் அதைச் சீட்டாட்டமாகக் கொண்டுவந்தது, 2002-இல் ஆங்கிலப் பதிப்பு. எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த கடையில் கிடைத்ததெல்லாம் மெல்லிய தாளில் அடித்த கள்ளப் பதிப்பு. ஒரு கட்டு ஒரு ரிங்கிட்டுக்கும் கீழே.

அந்த ஆட்டத்தில் 'ட்ராப்' என்று ஒரு வகைச் சீட்டு உண்டு. அதைக் கையிலிருந்து நேராக எடுத்து வீச முடியாது. முதலில் மேசையில் கவிழ்த்து வைக்கணும், வைத்த அதே முறையில் அதைத் திறக்கவும் கூடாது. அதாவது எதிராளிக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது: இங்கே ஏதோ இருக்கு, பார்த்து வா. என்ன இருக்கிறது என்பது மட்டும் மறைவு. ஓய்வு நேரத்தில் நடந்த சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான். "டேய், நீ வச்சது ட்ராப்பே இல்லடா, திருப்பிக் காட்டுடா!" ஆட்டம் முடிந்ததும் எல்லாச் சீட்டையும் அள்ளிக் கட்டோடு கலந்துவிட்டால் அப்புறம் யாரிடம் போய் நிரூபிப்பது? கொஞ்ச நாளில் நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அள்ளுவதற்கு முன் கவிழ்த்ததைத் திருப்பிக் காட்டிவிட வேண்டும். காட்டாதவனோடு அடுத்த நாள் யாரும் ஆடமாட்டார்கள்.

இதே வழக்கம் அச்சிட்ட விதியாக இன்னோர் ஆட்டத்தில் இருக்கிறது என்பது பல்கலைக்கழக விடுதிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

*

மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். கணிதம் படித்தவர். விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் அதை வெளியிட்டது. ஆளுக்கொரு கட்டு, அதில் என்ன இருக்கும் என்று அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்வது, கட்டில் உள்ள சீட்டுகளைக் கடையில் வாங்கியும் நண்பர்களோடு மாற்றியும் சேர்ப்பது: இன்று உலகம் முழுக்க 'சேகரிப்புச் சீட்டாட்டம்' என்று ஒரு வகை இருக்கிறதே, அது இதிலிருந்து கிளைத்ததுதான்.

முதல் பதிப்பிலேயே 'இல்யூஷனரி மாஸ்க்' என்று ஒரு சீட்டு இருந்தது. அதன் உதவியால் ஓர் உயிரினச் சீட்டைக் கவிழ்த்தபடியே களத்தில் இறக்கலாம். யோசனை அழகுதான். ஆனால் விதி என்று வந்தபோது எல்லாம் குழம்பியது. கவிழ்ந்து கிடக்கும் உயிரினத்துக்குப் பலம் எவ்வளவு? அதற்கு நிறம் உண்டா? சிவப்பு உயிரினங்களை மட்டும் அழிக்கும் மந்திரம் அதைத் தொடுமா? 'தொடாது' என்று நான் சொன்னாலே அது சிவப்பில்லை என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். எதிராளி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னால் ரகசியம் போச்சு. பதில் சொல்லாவிட்டால் ஆட்டம் நகராது.

ஒன்பது வருடம் கழித்து விடை வந்தது. விதிகளைப் பராமரிக்கும் குழுவினர் இந்த 'மாஸ்க்' சீட்டையும், 'கேமஃப்ளாஜ்' என்ற இன்னொரு பழைய சீட்டையும் எப்படியாவது ஒழுங்காக வேலை செய்யவைக்க முயன்றார்கள். அந்த முயற்சியில் ஒரு புதிய விதியே பிறந்துவிட்டது. 2002 அக்டோபரில் வந்த ஆன்ஸ்லாட் தொகுப்பில் அதற்கு 'மார்ஃப்' என்று பெயர்.

மார்ஃப் எப்படி வேலை செய்கிறது? அந்தச் சொல் அச்சிடப்பட்ட எந்த உயிரினத்தையும் மூன்று மானா கொடுத்துக் கவிழ்த்து இறக்கலாம். (மானா என்பது அந்த ஆட்டத்தின் எரிபொருள்.) கவிழ்ந்திருக்கும் வரை அதற்குப் பெயர் இல்லை, நிறம் இல்லை, தனித்திறன் எதுவும் இல்லை. பலம் 2, தாங்கும் சக்தி 2. உள்ளே இருப்பது மாபெரும் பறவையோ சின்னப் பூச்சியோ, வெளியே எல்லாம் ஒரே 2/2. பிறகு சரியான நேரம் பார்த்து, அந்தச் சீட்டில் எழுதியிருக்கும் விலையைக் கொடுத்து நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது எதிராளி குறுக்கே புகுந்து தடுக்க முடியாது.

குழப்பம் எப்படித் தீர்ந்தது என்று கவனியுங்கள். 'இது என்ன?' என்ற கேள்விக்கு இப்போது நேர்மையான பொதுப் பதில் ஒன்று இருக்கிறது: 'நிறமில்லாத ஒரு 2/2.' ரகசியத்துக்கு வெளியே ஒரு தோலைப் போர்த்தியாகிவிட்டது. எந்த மந்திரம் வந்தாலும் அந்தத் தோலை வைத்தே கணக்குப் போடலாம், உள்ளே எட்டிப்பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு ஓட்டை பாக்கி. மார்ஃப் இல்லாத ஒரு சீட்டை, சும்மா நிலச் சீட்டு ஒன்றை, ஒருவன் கவிழ்த்து வைத்துவிட்டு 2/2 என்று சொன்னால்? இங்கேதான் எங்கள் பள்ளிக்கூட வழக்கம் விதியாக வருகிறது. கவிழ்ந்த சீட்டு களத்தை விட்டுப் போகும்போது வைத்தவன் அதை எல்லாருக்கும் காட்ட வேண்டும். ஆட்டம் முடிந்தால், களத்தில் மிச்சம் இருக்கும் கவிழ்ந்த சீட்டுகளையும் காட்ட வேண்டும். ஜெயித்தவனும் காட்டணும், தோற்றவனும் காட்டணும். கூடவே இன்னொன்று: பல சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தால் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று எதிராளிக்குத் தெளிவாகத் தெரியும்படி வைக்க வேண்டும். இடம் மாற்றிக் கலக்கக்கூடாது. மறைக்கலாம், ஆனால் குழப்பக்கூடாது.

2014-இல் கான்ஸ் ஆஃப் தார்க்கிர் தொகுப்பில் மார்ஃப் திரும்பி வந்தபோது வடிவமைப்பாளர்கள் இன்னொரு கட்டுப்பாட்டையும் தங்களுக்கே போட்டுக்கொண்டார்கள். ஐந்து மானாவுக்குக் குறைவாக நிமிர்த்தக்கூடிய எந்த உயிரினமும் எதிரே நிற்கும் இன்னொரு கவிழ்ந்த 2/2-வைக் கொன்றுவிட்டுத் தானும் பிழைத்திருக்கக் கூடாது. இது ஆட்டக்காரனுக்கான விதி இல்லை, சீட்டு செய்கிறவர்களுக்கான விதி. இதனால் என்ன லாபம்? ஆரம்ப முறைகளில், எதிரே இருப்பது என்னவென்று தெரியாமலேயே ஒரு புதிய ஆட்டக்காரன் பயமில்லாமல் மோதலாம். தெரியாதவனுக்கும் ஒரு குறைந்தபட்சப் பாதுகாப்பு.

இந்த ஆட்டத்தில் மலேசியாவுக்கும் ஒரு சின்ன இடம் இருக்கிறது. 2005-இல் மேஜிக் இன்விடேஷனல் என்ற அழைப்புப் போட்டியில் வென்றவர் மலேசியரான டெர்ரி சோ. வென்றவர் யோசனையில் ஒரு சீட்டு அச்சாகும், அவர் முகமே அதில் ஓவியமாகும். அதுதான் பரிசு. அப்படி 2006-இல் வந்தது 'ரக்டோஸ் ஆகர்மேஜ்'. அதன் திறன் இது: முதலில் நான் என் கையில் உள்ள சீட்டுகள் எல்லாவற்றையும் உனக்குக் காட்டுகிறேன், எதைக் கழிக்கலாம் என்று நீ சொல். பிறகு நீ உன் கையைக் காட்டு, எதைக் கழிக்கலாம் என்று நான் சொல்கிறேன். உன்னுடையதைப் பார்க்கணும்னா என்னுடையதை முதலில் திறக்கணும். நம் நாட்டுக்காரர் பெயரில் இருக்கும் சீட்டு இப்படிப்பட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

*

இதையெல்லாம் ஒருநாள் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாண வம்சம். சிரம்பானில் இது புதிதல்ல. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891-இல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்து மலாயாவில் ரயில் நிலையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய வேலைக்கு வந்தார்கள். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "உது எங்கட 304 தானே தம்பி. துரும்பைக் கவிழ்த்து வைக்கிறது."

இரண்டும் ஒன்றில்லை. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

304 நான்கு பேர் ஆடும் ஆட்டம், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். சாதாரணச் சீட்டுக்கட்டிலிருந்து 2 முதல் 6 வரை நீக்கிவிட்டால் மிச்சம் 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. விசித்திரம் என்னவென்றால் இங்கே ராஜாவுக்கு மதிப்பில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கி, 30 புள்ளி. அடுத்து ஒன்பது, 20 புள்ளி. அதற்கப்புறம்தான் ஆசு 11, பத்துக்கு 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304. ஆட்டத்தின் பெயரே கூட்டுத்தொகைதான்.

ஜாக்கி ஏன் ராஜாவை வெல்கிறான்? ஒன்பது ஏன் பத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது? இந்த வரிசை நாமாக யோசித்தது போலத் தெரியவில்லை. நெதர்லாந்தில் 'கிளாவர்யாஸ்' என்று ஓர் ஆட்டம் உண்டு. அதில் துரும்பு இனத்தில் மட்டும் ஜாக்கி 20, ஒன்பது 14, பிறகு ஆசு 11, பத்து 10. அந்த 11-ம் 10-ம் அப்படியே 304-இலும் இருப்பதைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் 'யாஸ்' ஆட்டமும் இதே குடும்பம். அது அங்கே 1796-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் முதலில் தென்படுகிறது. டச்சுக்காரர்களிடமிருந்து போனது என்பார்கள்.

டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தை 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள், 1795-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். கொச்சியும் அவர்களிடம் இருந்தது, வங்காளத்தில் சின்சுராவும் இருந்தது. இப்போது சீட்டாட்ட வரைபடத்தைப் பாருங்கள். கேரளத்தில் '28', வங்காளத்தில் '29', யாழ்ப்பாணத்தில் '304'. மூன்றிலும் ஜாக்கியும் ஒன்பதும்தான் மேலே. இந்த ஆட்டங்கள் டச்சுக் கப்பல்களோடு வந்தவை என்று சீட்டாட்ட வரலாற்றை ஆராய்கிறவர்கள் கருதுவதற்கு இதுதான் காரணம்.

எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி சொற்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சீட்டு இனங்களைச் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? இஸ்கோப்பன், ஆடுத்தன், உருவித்தன், களாவரை. டச்சு மொழியில் அவை ஸ்கோப்பன், ஹார்ட்டன், ராய்ட்டன், கிளாவரன். சிங்களத்திலும் இஸ்கோப்ப, ஹாரத்த, ருவித்த, களாபர. தமிழ்நாட்டில் 'கிளாவர்' என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். கோட்டையைக் கட்டியவன் போய் இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் சொல் இன்னும் நம் மேசையில் விழுந்துகொண்டிருக்கிறது.

*

ஆனால் ஒரு விஷயம் டச்சு ஆட்டத்தில் இல்லை. கிளாவர்யாஸில் துரும்பு எது என்பது வெளிப்படையாக அறிவிக்கப்படும். துரும்பைக் கவிழ்த்து வைப்பது 28-இல் உண்டு, 29-இல் உண்டு, 304-இல் உண்டு. அப்படியென்றால் மறைப்பு இந்தப் பக்கத்தில் சேர்ந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். வாங்கிய ஆட்டத்துக்கு நம் ஆட்கள் வைத்த கூடுதல் அறை.

எங்களுக்கு அங்கிள் சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அதைப் பார்த்து ஏலம் கேட்கணும்: எங்கள் அணி இத்தனை புள்ளி எடுக்கும் என்று. ஏலம் 160-இல் தொடங்கும், பாதிக்குச் சற்று மேல். ஏலத்தை எடுத்தவன் தன் நான்கு சீட்டில் ஒன்றை மேசையில் கவிழ்த்து வைக்கிறான். அந்தச் சீட்டு எந்த இனமோ அதுவே துரும்பு. பிறகு மிச்ச நான்கு சீட்டு எல்லாருக்கும் வரும், ஆட்டம் தொடங்கும். துரும்பு எது என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் கூட்டாளிக்கும் தெரியாது.

இறக்கிய இனம் என் கையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நான் வேறொரு சீட்டைக் கவிழ்த்துப் போடுகிறேன். அது துரும்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். துரும்பு எது என்று எனக்கே தெரியாதே! அந்தச் சுற்று முடிந்ததும் ஏலக்காரன் கவிழ்ந்த சீட்டுகளை எடுத்து, தான் மட்டும் பார்க்கிறான். அதில் துரும்பு இருந்தால் அதைத் திறந்து வைக்கிறான். தன் துரும்புச் சீட்டையும் நிமிர்த்துகிறான், ரகசியம் முடிந்தது. துரும்பு இல்லையென்றால் அப்படியே கவிழ்த்து ஒதுக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறான்.

முதல்முறை இதைக் கேட்டபோது எனக்குள் இருந்த பொறியாளன் உடனே எழுந்துவிட்டான். "அங்கிள், எதிரணிக்காரன் போட்ட சீட்டைப் பார்த்துத் தீர்ப்பு சொல்றதே ஏலக்காரன்தானே? துரும்பு இருந்தும் இல்லைன்னு சொல்லிட்டா?"

"பொறும் தம்பி. கடைசியில எண்ணத்தானே வேணும்."

அவ்வளவுதான் விடை. ஆட்டம் முடிந்ததும் புள்ளி எண்ண வேண்டும். எண்ண வேண்டுமானால் எடுத்த சீட்டுகள் எல்லாவற்றையும் திருப்ப வேண்டும். அதற்குள் துரும்பு எது என்று ஊருக்கே தெரிந்துவிட்டிருக்கும். மூன்றாவது சுற்றில் நான் கவிழ்த்துப் போட்டது உருவித்தன் எட்டு என்று எனக்கு நினைவிருக்கும், துரும்பும் உருவித்தன் என்றால் பொய் அங்கேயே பிடிபடும். ஏலக்காரனால் சற்று நேரம் ஏமாற்ற முடியும், கடைசி வரை முடியாது. நடுவர் யாரும் தேவையில்லை. எண்ணுவது என்ற சாதாரண வேலைக்குள்ளேயே தணிக்கை ஒளிந்திருக்கிறது.

ஆன்ஸ்லாட் விதிக்குழு 2002-இல் எழுதியதும் இதே தீர்வுதான். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு கூட்டம், ஒரே சிக்கல், ஒரே விடை: மறைக்கும் உரிமை தரலாம், ஆனால் அதோடு சேர்த்துக் கடைசியில் காட்டும் கடமையையும் கட்டிவிட வேண்டும். கணினித் துறையிலும் இது உண்டு. 1979-இல் ஷமீர், ரிவெஸ்ட், ஏடல்மன் மூவரும் தொலைபேசி வழியே, சீட்டே இல்லாமல், போக்கர் ஆட முடியுமா என்று ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். நேரில் இல்லாத இருவர் எப்படி ஒரு விஷயத்தை முதலில் பூட்டி வைத்து, பிறகு திறந்து, நடுவில் மாற்றவில்லை என்று நிரூபிப்பது? இணையத்தில் நாம் தினமும் நம்பியிருக்கும் பல ஏற்பாடுகளுக்கு அடியில் இந்தக் கேள்விதான் இருக்கிறது. ஏலக்காரன் கவிழ்த்து வைத்த அந்த ஒற்றைச் சீட்டு அதன் கைவினை வடிவம். பார்க்க முடியாது, மாற்றவும் முடியாது.

*

இதோடு நிறுத்தியிருந்தால் இது நல்ல சேதி. ஆனால் இந்த ஆட்டத்தை இங்கே யார் ஆடினார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு வேறொன்று உறுத்துகிறது.

என் பாட்டி நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன் பெரட்டு, பிறகு வெட்டு, மங்கில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துத் தலைச்சுமையாக ஸ்டோருக்குக் கொண்டுபோவது. அங்கே பால் நிறுக்கப்படும். ஆனால் நிறுத்தது மட்டும் கணக்கில்லை. ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சமெல்லாம் தண்ணீர். மரத்துக்கு மரம், நாளுக்கு நாள் இது மாறும். அதனால் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, எவ்வளவு உலர் ரப்பர் தேறும் என்று அளப்பார்கள். எடையை அந்த அளவால் பெருக்கினால்தான் அன்றைய கணக்கு. அதைக் கிராணி புத்தகத்தில் எழுதுவார்.

"எடை போடுறது தெரியும். அந்தக் கண்ணாடியில என்னா பாத்தாங்க, என்னா எழுதுனாங்க, அது நமக்கு யாரு சொன்னா? சம்பளத்தன்னிக்குத்தான் தெரியும்." பாட்டி இதைக் கோபத்தோடுகூடச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

அதுவும் கவிழ்த்து வைத்த சீட்டுதான். ஒரு பக்கம் அதைப் பார்க்கிறது, மறுபக்கம் அதை நம்பி நாள் முழுக்க உழைக்கிறது. ஆனால் 304-க்கும் அதற்கும் ஒரு வித்தியாசம். அங்கே கடைசியில் யாரும் சீட்டுகளைத் திருப்பிப் போட்டு எல்லார் முன்னாலும் எண்ணவில்லை. முடிவு மட்டும் வந்தது, வழி வரவில்லை. எழுதப்பட்ட எண் சரியாகவே இருந்திருக்கலாம். நேர்மையான கிராணிகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் நேர்மையை நிரூபிக்க அவர்களுக்கும் ஒரு வாய்ப்பு இல்லை, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள பாட்டிக்கும் ஒரு வழி இல்லை.

தோட்டக் கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும் நிறைய இருந்தார்கள் என்பது மலாயா வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். 304-ம் 28-ம் யாருடைய ஊர் ஆட்டங்கள் என்று மேலே பார்த்தோம். மாலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கவிழ்த்ததைக் கடைசியில் திறந்தே ஆகணும் என்ற விதியை ஊரிலிருந்து கொண்டுவந்த சமூகங்கள் அவை. பகலில் புத்தகத்தைத் திறந்து பாட்டியிடம் காட்டணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இதை அந்தச் சமூகங்களின் குணக்கோளாறு என்று நான் சொல்லவில்லை. கிராணிக்கு மேலே துரை, துரைக்கு மேலே லண்டனில் கம்பெனி. ஏற்பாடே அப்படி. நான் சொல்ல வருவது விதியைப் பற்றி. கடைசியில் காட்ட வேண்டும் என்ற விதி தானாகப் பிறப்பதில்லை. எதிரே இருப்பவனையும் ஓர் ஆட்டக்காரன் என்று ஒப்புக்கொண்ட இடத்தில்தான் அது பிறக்கிறது. ஸ்டோர் வாசலில் வாளியோடு நின்ற பெண் ஆட்டத்திலேயே இல்லை, ஆட்டத்தில் இல்லாதவளுக்கு எதற்குச் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும்?

அவளை ஆட்டத்துக்குள் சேர்த்தது பிறகு வந்த சங்கங்களும் சட்டங்களும். தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் உருவானது. 1955-இல் வேலைச் சட்டம், அதன் கீழ் 1957-இல் விதிமுறைகள். சம்பளம் கொடுக்கும்போது அது எப்படி வந்தது என்ற விவரத்தையும் தொழிலாளியிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. காகிதத்தில் பார்த்தால் சுவாரசியம் இல்லாத ஒரு விதி. எனக்கு அது ஆன்ஸ்லாட் விதியைப் போலவே தெரிகிறது: ஆட்டம் முடிந்தது, இப்போது திருப்பிக் காட்டு.

*

இளைஞர்கள் 304-ஐ இப்போது அதிகம் ஆடுவதில்லை. எங்கள் தெருவில் நான்கு பேர் சேர்வதே கஷ்டம், மூன்று பேர் கிடைத்தால் ஒருவருக்கு இடுப்பு வலி. மேஜிக் ஆடும் நண்பர்களும் பாதிப் பேர் கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள். கைப்பேசியில் ஏமாற்ற முடியாது, மார்ஃப் இல்லாத சீட்டைக் கவிழ்க்கவே நிரல் விடாது. அதனால் ஆட்டம் முடிந்து சீட்டைத் திருப்பிக் காட்டும் அந்த அரை நிமிடமும் அங்கே ஒரு சடங்காகத் தேவைப்படுவதில்லை. நிரல் பார்த்துக்கொள்ளும்.

என்னோடு படித்த ஒருவன் இப்போது சிரம்பானில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறான். தோட்டத்துப் பேரன்தான் அவனும். ஒவ்வொரு நடைக்கும் இவ்வளவு ரிங்கிட் என்று செயலி காட்டுகிறது. நேற்று அதே தூரத்துக்கு வேறு தொகை, இன்று வேறு. ஏன் என்று அது சொல்லாது. "உள்ள ஏதோ கணக்கு இருக்குடா," என்கிறான். இருக்கத்தான் செய்யும். அதை எழுதியது என்னைப் போல ஒரு பொறியாளனாகத்தான் இருக்கும், தப்பாக எழுதியிருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் சீட்டு இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது, எப்போது எண்ணுவோம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.